மாற்றுத்திறனாளி குழந்தைகளின் கல்வி உரிமை: சட்டமும் டெல்லி வழக்குகளும்

புதுடெல்லி: சிறப்பு ஆசிரியர் இல்லை, சாய்தளம் இல்லை என்ற காரணங்களைக் கூறி மாற்றுத்திறனாளி குழந்தைக்குப் பள்ளியில் சேர்க்கை மறுக்க முடியாது. இந்த நிலைப்பாடு உறுதிப்பட்டதில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற பொதுநல வழக்குகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

மாற்றுத்திறனாளி குழந்தைகள் 18 வயது வரை இலவசக் கல்வி பெற 1995ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்திருந்தது. ஆனால் டெல்லியின் பெரும்பாலான பள்ளிகளில் அவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை. இதை எதிர்த்து 'சோஷியல் ஜூரிஸ்ட்' என்ற குடிமை உரிமை அமைப்பு 2008ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தது. அந்த அமைப்பின் சார்பில் வழக்கறிஞர் அசோக் அகர்வால் வாதாடினார்.

தலைமை நீதிபதி ஏ.பி.ஷா, நீதிபதி மன்மோகன் ஆகியோர் அடங்கிய அமர்வு 2009 செப்டம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. டெல்லி அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது 2 சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும், கற்பித்தல் கருவிகளும் தடையற்ற கட்டட வசதியும் செய்து தரப்பட வேண்டும் என்று அமர்வு உத்தரவிட்டது. இதே அமைப்பு தொடர்ந்த மற்றொரு வழக்கில், 2012ஆம் ஆண்டில், தனியார் பள்ளிகளுக்கும் இக்கடமை உண்டு என்று உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதனால் கிட்வாய் நகர் போன்ற அரசு ஊழியர் குடியிருப்புகள் முதல் நகரின் விளிம்பில் உள்ள குடியிருப்புகள் வரை எல்லாப் பகுதிப் பெற்றோரும் இந்த உரிமையைக் கோர முடியும்.

சட்டம் கூறுவது என்ன?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மாற்றுத்திறனாளி குழந்தைகள் அச்சட்டத்தின் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்' சேர்க்கப்பட்டனர். கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறவும் அத்திருத்தம் வாய்ப்பளித்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளின் வகைகளை 21 ஆக உயர்த்தியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகள், அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறலாம் என்று அதன் 31ஆவது பிரிவு கூறுகிறது. இதில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கே உண்டு.

ஆசிரியர் எண்ணிக்கை

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் தற்காலிக விகிதங்களை வகுத்தது. மூளை முடக்குவாதம் உள்ள 8 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள 5 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இழந்த 2 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அதில் குறிப்பிடப்பட்டது. பின்னர் தொடக்கக் கல்வியில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவர்களுக்கு ஒருவர் என்ற விகிதம் ஏற்கப்பட்டது. ஆயினும் நியமனங்கள் உரிய அளவில் நடைபெறாததால், பணியிடங்களை உருவாக்கி அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. தீர்ப்புக்கும் வகுப்பறைக்கும் இடையிலான இந்தத் தாமதத்தில் குழந்தை இழப்பது திரும்பக் கிடைக்காத பள்ளிப் பருவத்தையே.

பெற்றோர் யாரை அணுகலாம்?

சேர்க்கை மறுக்கப்பட்டால், மறுப்புக்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது பின்னாளில் முக்கியச் சான்றாக அமையும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமும் புகார் அளிக்கலாம். வழக்குத் தொடரப் பணம் இல்லை என்பதும் தடையாகாது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12ஆவது பிரிவின்படி, குழந்தைகளும் மாற்றுத்திறனாளிகளும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.