பெல்லட் கிரில் பாதியில அணைஞ்சு போகுதா? இந்த வரிசையில செக் பண்ணுங்க!

அமெரிக்காவில் வீக்எண்ட் வந்தாலே பல வீடுகளின் பின்பக்கம் புகை கிளம்பிடும். கரியைக் கொட்டி ஊதிக்கிட்டு நிக்க முடியாதுன்னு நினைக்கிறவங்களின் சாய்ஸ், பெல்லட் கிரில். ஒரிகான் மாநிலத்தின் ஜோ ட்ரேகர் காப்புரிமை வாங்கிய அடுப்பு இது. டெம்பரேச்சரை செட் பண்ணினா போதும், மத்ததை மெஷின் பார்த்துக்கும். ஆனா, சிக்கன் பாதி வெந்த நேரத்துல நெருப்பு அணைஞ்சா?

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன குச்சிகள். பெட்டியில இருக்கிற பெல்லட்டை, 'ஆகர்' எனும் திருகு நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். அங்கே 'இக்னைட்டர்' கம்பி சூடாகிப் பற்றவைக்கும். ஃபேன் காற்று கொடுக்கும்.

பெரும்பாலான மாடல்களில் இக்னைட்டரின் வேலை முதல் சில நிமிடங்களோடு சரி. அதனால, நல்லா எரிஞ்சு பாதியில அணைஞ்சா, புது இக்னைட்டர் வாங்க ஓடாதீங்க. பற்றவே இல்லைன்னா மட்டும் அதைச் சந்தேகப்படுங்க.

கிரிலை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, முழுசா ஆறவிட்டுட்டு இதையெல்லாம் பாருங்க:

1. சாம்பல்: கிண்ணத்தில் சாம்பல் நிறைஞ்சா காற்றுத் துளைகள் அடைபடும். சுத்தமா எடுத்துடுங்க. உள்ளே கங்கு இருந்தா வேக்குவம் கிளீனரே பற்றிக்கும், ஜாக்கிரதை.

2. பெல்லட்: ஒன்றை உடைச்சுப் பாருங்க. 'டக்'னு உடைஞ்சா நல்லது. மாவா உதிர்ந்தா ஈரம் பிடிச்சிருக்கு, மொத்தத்தையும் மாத்துங்க.

3. பெட்டி: மேலே பெல்லட் நிறைய தெரியும், ஆனா ஆகருக்கு மேலே குழி விழுந்து கீழே இறங்காம நிற்கும். ஒரு குச்சியால கிளறிவிடுங்க.

4. சென்சார்: எண்ணெயும் கரியும் படிஞ்சா தப்பான சூட்டைக் காட்டும். இருப்பதைவிட அதிகமா காட்டினா, பெல்லட் வரத்து குறைஞ்சு நெருப்பு அணையும். மெதுவா துடைங்க.

5. ஃபேன்: மறுபடி ஆன் பண்ணும்போது சுத்துதான்னு கவனிங்க.

முக்கியமான விஷயம்... கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிஞ்சிருந்தா, அப்படியே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. மொத்தமும் ஒரே நேரத்துல குபீர்னு பற்றிக்கலாம். காலி பண்ணிட்டு ஆரம்பிங்க.

பாதி வெந்த சிக்கனை உடனே ஓவனுக்கு மாத்துங்க. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரணும். அணைஞ்சு 2 மணி நேரத்துக்கு மேல சூடில்லாம கிடந்ததா? விலையைப் பார்க்காம தூக்கிப் போட்டுடுங்க.

சமைச்சு முடிச்சதும் பிளக்கை நேரடியா பிடுங்காம, ஷட்டவுன் பட்டனை அழுத்துங்க. மிச்ச பெல்லட் எரிஞ்சு முடியும். அடுத்த வாரம் பிரச்னை பாதி குறையும்!