உரையாடற் பெட்டியை மூடுதல்: ஒரு வரலாற்று நோக்கு

விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீர்த்தேக்கத்துள் மறைந்தது. ஆயின் முற்றாக அழிந்துவிடவில்லை. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது கட்டடச் சிதைவுகள் மீண்டும் தலைகாட்டுவதை எம்மூரவர் அறிவர். மறைதல் வேறு, அழிதல் வேறு என்னும் இவ்வேறுபாடு கணினி வரலாற்றின் ஒரு சிறு மூலையிலும் நெடுங்காலம் தொல்லை தந்து வந்துள்ளது. உரையாடற் பெட்டியை நிரலே மூடும் இடமே அம்மூலை.

பயனரிடம் வினாவொன்றை எழுப்பி, விடை கிடைக்கும்வரை மூலச் சாளரத்தை முடக்கி வைப்பது இப்பெட்டியின் பெருவழக்கான வடிவம். 1983இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் லிசாக் கணினியை உருவாக்குகையில், 'செய்க' எனப் பொருள்படும் 'டூ இட்' என்ற ஆங்கிலச் சொற்களைப் பொத்தானில் இட்டனர். எழுத்துகள் நெருங்கி நின்றமையால் பரிசோதனைக்கு வந்தவர்கள் அதனை 'டோல்ட்', அதாவது மடையன், என வாசித்தனராம். அதன் பின்னரே அங்கு 'ஓகே' இடம்பெற்றது. சொல்லைத் திருத்துதல் எளிதாயிற்று. மூடுதலைத் திருத்துதல் அத்துணை எளிதன்று.

1984இல் வந்த மக்கின்டொஷின் நினைவகம் 128 கிலோபைட்டு மாத்திரமே. ஆகவே அதன் நிரலருக்கு இரு கட்டளைகள் வழங்கப்பட்டன. 'குளோஸ்டயலொக்' பெட்டியைத் திரையினின்று அகற்றும். எனினும் பெட்டியின் பதிவும் உறுப்புப் பட்டியலும் நினைவகத்தில் எஞ்சும். 'டிஸ்போஸ்டயலொக்' அவற்றையும் விடுவிக்கும்.

1985 நவம்பரில் வெளியான மைக்ரோசொப்ட் விண்டோஸின் முதற் பதிப்பிலே சாளரங்கள் ஒன்றன்மேலொன்று படியா; உரையாடற் பெட்டிக்கு மட்டும் அதற்கு விலக்கு உண்டு. அதனை மூடும் 'எண்ட்டயலொக்' உடனே பெட்டியை அழிப்பதில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. உரையாடல் முடிந்தது என்று குறித்து வைப்பதே அதன் தொழில். நடந்துகொண்டிருக்கும் செயற்கூறு முடிந்த பின்னரே மூலச் சாளரம் விடுவிக்கப்பட்டு, பெட்டி அழிக்கப்பட்டு, விடை அழைத்தவரிடம் சேரும். இவ்வொழுங்கு வீணான சடங்கன்று. மூலச் சாளரம் முடங்கியிருக்கையிலேயே பெட்டி அழியுமாயின், தொடர்பற்ற வேறொரு செயலி முன்னே வந்து நிற்கும். 'டெஸ்ட்ரோய்விண்டோ' என்னும் நேரடி அழிப்புக் கட்டளை இத்தகைய பெட்டிக்கு ஆகாது என விதித்தது இதனாலேயே.

2002இல் வெளியான டொட்நெட்டிலும் பழைய வேறுபாடு தொடர்ந்தது. விடைக்காகக் காத்திருக்கும்படி திறந்த படிவத்தை 'குளோஸ்' என்னும் கட்டளையால் மூடினால் அது மறையுமேயன்றி விடுவிக்கப்படாது. மூடிய பின்னும் பயனர் எழுதியதை நிரல் வாசிக்கவேண்டும் என்பதே காரணம். நியாயமான காரணந்தான், ஆனால் பெயர் ஏமாற்றுகிறது.

அவ்வேமாற்றத்துக்கு நானும் இரையானேன். இடம்பெயர்ந்த முதியோரிடம் பழைய நகரின் வீடு, கடை, ஒழுங்கை ஆகியன பற்றிக் கேட்டுப் பதிவுசெய்யச் சிறு நிரலொன்று எழுதினேன். ஒரே படிவத்தை மூடி மூடித் திறந்தேன். ஒருவர் கூறிய விவரம் அடுத்தவரின் வெற்றிடத்தில் அப்படியே நின்றதைக் கவனியாது சேமித்தேன். ஒரே கடை மூன்று குடும்பங்களுக்கு உரியதாகப் பதிவாயிற்று. இப்பொழுது ஒவ்வொருவருக்கும் புதிய படிவத்தை ஆக்கி, விடையைப் பெற்றபின் 'டிஸ்போஸ்' செய்கிறேன். நிரலிற் செய்த திருத்தம் இரண்டு வரிகளே. மூன்று வீடுகளுக்கும் மீண்டும் நடந்து சென்று அதே வினாக்களைக் கேட்கவேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர் அதற்கிடையிற் காலமாகிவிட்டார்.