விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாமா?

ஒரு தலைமுறை எதைப் போற்றி வைத்தது, எதைக் குப்பையில் எறிந்தது என்பதைக் கொண்டே அது எதை மதித்தது என்று வரலாறு தீர்ப்பிடுகின்றது. கல்லில் வெட்டியதைக் காத்தோம். செம்பில் பொறித்ததைக் காத்தோம். தாளில் அச்சேறியதையும் ஓரளவு காத்து வருகிறோம். ஆனால் கணிப்பொறியில் பிறந்து கணிப்பொறியிலேயே மறைந்துபோகும் படைப்புகளையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் மனித குலத்திற்கு மிகவும் பிந்தியே உதித்தது. அவற்றுள்ளும் விளையாட்டுகள் என்றால் சொல்லவே வேண்டியதில்லை. 'பிள்ளைகளின் பொழுதுபோக்குத்தானே' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு எவரும் பேணாமல் தொலைந்துபோய், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்ட ஒரு விளையாட்டின் வரலாற்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய பி.பி.என். என்ற நிறுவனத்தில் நிரல் எழுதுபவராகப் பணியாற்றியவர் வில் குரோதர். இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் 1969ஆம் ஆண்டு தொடங்கியபோது, அதன் இணைப்புப் பொறிகளுக்கு நிரல் எழுதிய சிறு குழுவில் அவரும் ஒருவர். அவருக்கும் அவருடைய மனைவி பட்ரீஷியாவுக்கும் குகைகளை ஆராய்வதில் பெருவிருப்பம். கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகை, உலகில் இதுவரை அறியப்பட்ட குகைகளுள் மிக நீளமானது. அதனையும் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியையும் இணைக்கும் வழியை 1972 செப்டம்பரில் கண்டறிந்த குழுவில் பட்ரீஷியா இடம்பெற்றிருந்தார். இருளில் ஊர்ந்து சென்று எடுத்துவந்த அளவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி வரைபடங்களாக்கும் பணியைக் குரோதர் செய்துவந்தார்.

பின்னர் அந்தக் குடும்பம் பிரிந்தது. மணமுறிவுக்குப் பின் குகைகளுக்குச் செல்வதையும் குரோதர் குறைத்துக்கொண்டார். தம்மைப் பார்க்க வரும் இரு பெண்பிள்ளைகளை மகிழ்விக்கவும், தாம் இழந்த குகை உலகை மீண்டும் ஒருமுறை நடந்து பார்க்கவும், 1975-76ஆம் ஆண்டுகளில் ஒரு விளையாட்டை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். அதில் படம் இல்லை, ஒலி இல்லை. 'நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய்' என்பதுபோன்ற வருணனையைப் பொறி எழுதிக் காட்டும். விளையாடுபவர் ஓரிரு சொற்களில் தம் விருப்பத்தைத் தட்டச்சிட்டால் அடுத்த அறைக்கு வழி திறக்கும். 'அட்வெஞ்சர்' என்று பெயர் பெற்ற இவ்விளையாட்டிலிருந்தே அந்த விளையாட்டு வகைக்கும் பெயர் வந்தது. 'ஜோர்க்' முதலான பல படைப்புகள் இதன் வழித்தோன்றல்களே.

ஆர்ப்பாநெட் வழியாக இது பல இடங்களுக்கும் பரவியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கணிப்பொறியில் இதனைக் கண்டவர் டான் உட்ஸ் என்ற மாணவர். ஆசிரியரின் முகவரி தெரியாததால், வலையிலிருந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 'குரோதர்' என்ற பெயருக்கு மடல் அனுப்பி அவரைத் தேடிப் பிடித்தார். இசைவு பெற்று, 1977இல் விளையாட்டை விரிவாக்கி வெளியிட்டார். உலகெங்கும் பரவியது இந்த விரிந்த வடிவமே. குரோதரின் முதல் வடிவமோ எங்கும் இல்லை. தொலைந்துவிட்டது என்றே ஆர்வலர்கள் முடிவு கட்டினர்.

மூலம் தொலைந்தால் வரலாறும் கோணலாகும். குரோதர் எழுதியது வெறும் குகை வரைபடமே, மாயமும் கற்பனையும் உட்ஸ் சேர்த்தவை என்று பலரும் எழுதிவந்தனர். மறுப்பதற்குச் சான்று இல்லாதபோது, யூகமே உண்மையின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது.

பென்சில்வேனியாவில் உள்ள சீட்டன் ஹில் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் டென்னிஸ் ஜெர்ஸ் இதனை அப்படியே விட்டுவிடவில்லை. ஸ்டான்ஃபோர்டில் உட்ஸ் மாணவராயிருந்தபோது அவர் பெயரில் இருந்த கணக்கின் காப்பு நகலில் குரோதரின் மூலநிரல் அழியாமல் கிடந்தது. நிரல் ஏறத்தாழ எழுநூறு வரிகள். அதற்குரிய தரவும் ஏறத்தாழ எழுநூறு வரிகள். ஜெர்ஸ் அத்துடன் நில்லாமல் கென்டக்கிக்கும் சென்று, குகைக்குள் இறங்கி, வருணனைகளை உண்மை இடங்களோடு ஒப்பிட்டார். அவருடைய ஆய்வு 2007இல் வெளியாயிற்று.

கிடைத்த மூலம் பழைய முடிவைப் புரட்டிப்போட்டது. கோடரி எறியும் குள்ளர்களும், வழிமறிக்கும் பாம்பும், இடம் மாற்றும் மந்திரச் சொல்லும் குரோதரின் வடிவிலேயே இருந்தன. அதே வேளையில், அறைகளின் அமைப்பு உண்மையான குகையை வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தது. சுவடிகளை ஆராயும் நம் பதிப்பாசிரியர்கள் மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று பிரித்தறிவதுபோல, யாருடைய கை எதை எழுதியது என்பது இங்கும் தெளிவாயிற்று. உட்ஸின் புகழ் இதனால் குறையவில்லை. குரோதருக்குரியது குரோதருக்குக் கிடைத்தது. நீதி என்பது உயிரோடிருப்பவர்களின் உடைமையில் மட்டுமன்று, அவர்கள் உழைப்பைப் பற்றிய நினைவிலும் காக்கப்பட வேண்டியதன்றோ!

எல்லா விளையாட்டுகளுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. அடாரி நிறுவனம் விற்பனையாகாமல் தேங்கிய தன் விளையாட்டுப் பேழைகளை 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 1,300 பேழைகள் மீட்கப்பட்டன. குப்பையென்று எறியப்பட்ட அவற்றுள் ஒன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கி முடிக்கப்பட்டும், 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' என்ற விளையாட்டை நின்டெண்டோ வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. அது முறையாக மக்கள் கைக்கு வந்தது 2017இல்தான். உழைத்தவர்கள் தம் உழைப்பின் பயனைக் காண இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளைப் பற்றி, வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவற்றுள் 87 விழுக்காடு கடைகளில் முறைப்படி வாங்க முடியாத நிலையில் இருப்பதாக அது கண்டது. காந்த நாடா தேய்கிறது, தகடு பழுதாகிறது, அதைப் படிக்கும் பொறியோ அதற்கு முன்பே வழக்கொழிகிறது. சுவடியைக் கறையான் அரித்தாலும் எஞ்சிய எழுத்தைக் கண் படிக்கும். நாடாவில் உள்ளதைப் பொறியின்றி எந்தக் கண்ணாலும் படிக்க இயலாது. இயற்கையின் அழிவோடு சட்டத்தின் தடையும் சேர்கிறது. விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. படைத்தவரின் உரிமை மதிக்கப்பட வேண்டியதே, ஐயமில்லை. ஆனால் விற்கவும் மாட்டோம், காக்கவும் விடமாட்டோம் என்றால், இழப்பவர்கள் வருங்காலத்தவரே. குரோதரும் உட்ஸும் காட்டிய மனம் வேறு. அவர்களுடைய இசைவோடு, 'அட்வெஞ்சரின்' பிற்கால வடிவம் ஒன்று 2017இல் எவரும் எடுத்தாளத்தக்க திறந்த நிரலாக வெளியிடப்பட்டது.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவா என்று சிலர் கேட்கலாம். குரோதர் தம் பிள்ளைகளுக்காக எழுதிய அச்சில வரிகளில், பிரிந்துபோன ஒரு குடும்பத்தின் நினைவு இருந்தது. அவர்கள் நடந்த குகை இருந்தது. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க விரும்பிய தந்தையின் அன்பு இருந்தது. மாமன்னர்களின் சாசனங்களைப் படித்துப் பழகிய நாம், இத்தகைய எளிய ஆவணங்களையும் படிக்கக் கற்க வேண்டும். நம் இல்லங்களின் அலமாரிகளிலும் அலுவலகங்களின் மூலைகளிலும் பழைய தகடுகளும் நாடாக்களும் கிடக்கலாம். அவற்றைக் கழிக்கும் முன் உள்ளே இருப்பது என்னவென்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, படியெடுத்த பின் கழிப்போம். உட்ஸின் கணக்கும் ஒரு காலத்தில் எவரும் திரும்பிப் பார்க்காத நாடாவாகத்தான் கிடந்தது.