உயிரணு ஆய்வும் நோயாளியின் இசைவும்

1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினத் தாயின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரது இசைவின்றியே ஆய்வுக்கென உயிரணுக்கள் எடுக்கப்பட்டன. அவர் அவ்வாண்டே மரித்தார். ‘ஹீலா’ எனப் பெயர்பெற்ற அவ்வணுக்களோ பெருகி, இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்க உதவின. குடும்பத்தார் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதனை அறியாதிருந்தனர்.

நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு வேறு. இரத்தம் உறையாமை நோயுற்ற ஐவர் அறிந்து இசைந்தபின், அவரவர் இரத்தக் குருத்தணுக்களை மருத்துவர் பிரித்தெடுத்து, 8-ஆம் உறைவுக் காரணிக்குரிய மரபணுவை உட்செலுத்தி, அவரவர்க்கே திரும்ப ஏற்றினர். 2024-இல் வெளியான அறிக்கையின்படி, கண்காணிக்கப்பட்ட காலத்தில் ஐவருக்கும் இரத்தப்போக்கு நேரவில்லை.

இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை நம் ஊழியத்தையும் தொடுகிறது. திருச்சி கைலாசபுரத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் சபையார் ஒருவர், “ஐயரே, இதில் கையொப்பமிடலாமா?” என வினவினால், அத்தாளின் பொருளை அவர் உணர்ந்தாரா என முதலில் விசாரிப்பதே போதகரின் கடமையாகும்.