கண்புரை அறுவைக்குப் பிந்தைய அன்றாட வாழ்க்கை

உள்விழி வில்லை வருவதற்கு முன், கண்புரை அறுவை சிகிச்சையில் புரை படிந்த வில்லை அகற்றப்பட்டது. மாற்று வில்லை வைக்கப்படவில்லை. நோயாளிகள் தடித்த குவிவில்லைக் கண்ணாடி அணிந்தனர். பொருள்கள் ஏறத்தாழ கால் மடங்கு பெரிதாகத் தெரிந்தன. பக்கப் பார்வை குறைந்தது. படி இறங்குவதையும் குவளையில் நீர் ஊற்றுவதையும்கூட மீண்டும் பழக வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த ஆங்கிலேய மருத்துவர் ஹரால்டு ரிட்லி, 1949இல் இலண்டனில் முதல் உள்விழி வில்லையைப் பொருத்தினார். பொருள்கள் இயல்பான அளவில் தெரிந்தன. 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் வில்லைகளைத் தயாரித்ததால், ஏழைகளுக்கும் இவ்வசதி எட்டியது.

எனினும் ஒருகுவிய வில்லை தானாகக் குவியத்தை மாற்றாது. தொலைபார்வைக்கு ஏற்ப அதைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, படிக்க இன்றும் கண்ணாடி தேவைப்படுகிறது.