கடற்பாலூட்டிகள் காட்டும் வேதி மாசு

கடலோர நீரில் எவ்வளவு நஞ்சு கலந்திருக்கிறது என்பதை நீரை மட்டும் சோதித்து அறிவது கடினம். பிசிபி என்னும் தொழிலக வேதிப்பொருள், டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி போன்றவை நீரில் அரிதாகவே கரையும். கொழுப்பில் எளிதாகக் கரையும். மிதவையுயிரி, சிறுமீன், பெருமீன் என்று உணவுச்சங்கிலியில் ஏற ஏற அவற்றின் செறிவும் ஏறுகிறது. சங்கிலியின் உச்சியிலுள்ள சீல், டால்பின், ஓர்க்கா ஆகியவற்றுக்குத் தோலடியில் தடித்த கொழுப்படுக்கு உண்டு. இந்நஞ்சுகளைச் சிதைக்கும் நொதித்திறன் குறைவு, ஆயுளோ பல பத்தாண்டுகள். ஆகவே ஒரு கடற்பகுதியின் மாசு இவ்வுடல்களில் ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது.

1966-இல் டிடிடி எச்சத்தைத் தேடிக்கொண்டிருந்த சுவீடன் வேதியியலாளர் சோரன் யென்சன், மீனிலும் கழுகிலும் இனம் புரியாமல் தென்பட்ட சேர்மங்கள் பிசிபி என்று கண்டறிந்தார். மின்மாற்றி எண்ணெயிலும் பெயின்டிலும் சேர்க்கப்பட்ட பொருள் அது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துக் கரையோரச் சீல்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பது வெளியாயிற்று. 1976-இல் போத்னியா வளைகுடாவின் பெண் வளையச் சீல்கள் பலவற்றில் கருப்பைக் கொம்புகள் அடைபட்டிருந்ததை ஆய்வாளர் ஏரோ ஹெல்லே குழுவினர் பதிவு செய்தனர். அடைப்புள்ளவற்றின் கொழுப்பில் பிசிபி கூடுதலாக இருந்தது.

அடைப்பும் பிசிபியும் சேர்ந்து காணப்பட்டதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஐயத்தைச் சோதனையால் தீர்க்க முனைந்தவர் டச்சு ஆய்வாளர் பீட்டர் ரெய்ண்டர்ஸ். 12 பெண் சீல்களுக்கு மாசடைந்த வாடன் கடல் மீனும், வேறு 12-க்கு வடகிழக்கு அட்லாண்டிக் மீனும் ஊட்டப்பட்டன. முதல் குழுவில் 4 மட்டுமே குட்டி ஈன்றன, இரண்டாவதில் 10. 1986-இல் நேச்சர் இதழில் வந்த இம்முடிவுதான் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் தந்தது.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் 1980-களில் கரையொதுங்கிய பெலுகா திமிங்கலங்கள் சிலவற்றின் உடலில் பிசிபி மிகுந்திருந்ததால், அச்சடலங்களையே நச்சுக்கழிவாகக் கருதவேண்டி வந்தது. மைரெக்ஸ் என்னும் பூச்சிக்கொல்லி அங்கே வந்த வழி விந்தையானது. ஒன்டாரியோ ஏரியில் வளர்ந்த விலாங்குகள் முட்டையிடக் கடலுக்குப் போகும் வழியில் பெலுகாக்களுக்கு இரையாயின. நஞ்சும் அவற்றோடு இறங்கிவந்தது. பெலுகாக்களுக்கு வந்த புற்றுநோயை, சாகுனே ஆற்றங்கரை அலுமினிய ஆலைகள் வெளியிட்ட ஹைட்ரோகார்பன்களோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பேசினர்.

வங்கக் கடலும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. பரங்கிப்பேட்டைப் பகுதியில் கிடைத்த டால்பின்களை ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனபேயும் அண்ணாமலை சுப்பிரமணியன் முதலானோரும் ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் டிடிடியே மேலோங்கியிருந்தது. மலேரியா ஒழிப்புக்கு இந்தியா நெடுங்காலம் டிடிடி தெளித்த நாடு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

கொழுப்பில் கிடைக்கும் அளவை அப்படியே ஏற்பது பிழையில் முடியும். ஆணின் உடலில் நஞ்சு வயதோடு கூடிக்கொண்டே போகும். பெண்ணோ பால்வழியே அதில் பெரும்பங்கைக் குட்டிக்குக் கடத்திவிடும். தலைக்குட்டிக்கே கூடுதல் சுமை. பட்டினியால் மெலிந்த விலங்கில் கொழுப்பு கரைய, எஞ்சியதில் செறிவு ஏறிக்காட்டும். கரையொதுங்கும் சடலங்களில் பல இப்படி மெலிந்தவையே. இக்காரணத்தால் நலமாக நீந்தும் விலங்கின் மீது உட்குழிந்த முனையுள்ள சிறு அம்பை எய்து, விரல்நுனியளவு தோலும் கொழுப்பும் எடுக்கும் முறையும் வழக்கத்திற்கு வந்தது.

2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் இறந்து கிடந்த லூலு என்ற பெண் ஓர்க்காவின் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. தீங்கு தொடங்கும் அளவாகப் பலரும் கொள்வது 9 மில்லிகிராம். 20 வயதுக்குக் குறையாத லூலு ஒருமுறைகூட ஈன்றதில்லை. எனவே சுமையை இறக்கவும் வழியிருக்கவில்லை. ஐரோப்பாவில் பிசிபி தடை செய்யப்பட்டு அப்போது சுமார் 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

புதிய சேர்மங்கள் சோதனை முறையையே மாற்றின. 2001-இல் ஆய்வாளர்கள் ஜான் கீசியும் குருந்தாசலம் கண்ணனும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த காட்டுயிர்களில், சீலும் டால்பினும் உட்பட, பிஎஃப்ஓஎஸ் என்னும் ஃப்ளூரின் சேர்மம் பரவியிருப்பதைக் காட்டினர். இது கொழுப்பில் தங்குவதில்லை. புரதத்தோடு பிணைந்து இரத்தத்திலும் ஈரலிலும் சேர்கிறது. ஆகவே கொழுப்பை மட்டும் சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகள் இதற்குப் பயன்படவில்லை. ஈரலையும் சேர்த்து உறையவைத்திருந்த எகிமே போன்ற மாதிரி வங்கிகளில்தான் பின்னோக்கிச் சென்று அளக்க முடிந்தது.