எத்தனை முறை பழுதுபார்த்தால் போதும்? குறைபாடுள்ள வாகனமும் வாங்கியவரின் உரிமையும்: ஒரு வரலாறு

புதிய வாகனம் வீட்டுக்கு வரும் நாளில் அதன் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது இந்தியாவின் பல பகுதிகளில் வழக்கம். கண்ணேறு கழியும், வழியில் இடையூறு வராது என்பது நம்பிக்கை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் அதே பழத்தின் பெயர் நேர்மாறான பொருளைப் பெற்றது. பார்வைக்குப் பளபளப்பாகவும் உள்ளே கோளாறாகவும் உள்ள சரக்கை, சிறப்பாக மோட்டார் வாகனத்தை, அங்கே 'லெமன்' என்பர். அத்தகைய வாகனத்தை வாங்கிவிட்டவருக்குப் பணத்தையோ மாற்று வாகனத்தையோ பெற்றுத்தரும் சட்டங்களே 'லெமன் சட்டங்கள்'.

இச்சட்டங்களின் வரலாறு பொதுவாக நுகர்வோர் இயக்கத்தின் வெற்றிக்கதையாகச் சொல்லப்படுகிறது. கூர்ந்து நோக்கினால் அது ஒரு சிறிய கேள்விக்கு விடை தேடிய வரலாறாகும்: எத்தனை முறை பழுதுபார்த்த பிறகு ஒரு வாகனம் திருந்தாது என்று சட்டம் ஒப்புக்கொள்ளும்? இக்கேள்விக்கு எண்ணால் விடை கூறிய நாடுகளில் வாங்குபவரின் நிலை ஒருவிதம். கூறாத நாடுகளில் வேறுவிதம். இந்தியா இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தொடக்கம் ஒரு குதிரை வண்டியில் இருக்கிறது. இங்கிலாந்தில் அஞ்சல் வண்டி ஒன்று பழுதின் காரணமாக உடைந்து, அதை ஓட்டியவர் காயமுற்றார். வண்டியைப் பராமரிக்க அஞ்சல் துறையுடன் ஒப்பந்தம் செய்திருந்தவர்மீது அவர் வழக்குத் தொடுத்தார். 'விண்டர்பாட்டம் எதிர் ரைட்' எனப்படும் அவ்வழக்கில் 1842இல் நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் அவர் ஒரு தரப்பினர் அல்லர், ஆகவே அதன்கீழ் அவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பொருளைச் செய்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே சட்டம் எழுப்பிய இந்தச் சுவர், வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற பழைய விதியுடன் சேர்ந்து, மோட்டார் யுகம் பிறந்த பின்னும் நெடுநாள் நின்றது.

சுவரில் முதற்பெரும் விரிசல் 1916இல் நியூயார்க்கில் விழுந்தது. பியூக் வாகனம் ஒன்றின் மரச்சக்கரம் ஓட்டத்தில் நொறுங்கியது. சக்கரத்தை வேறொரு நிறுவனம் செய்திருந்தது. வாகனத்தை முகவர் விற்றிருந்தார். எனினும் கவனமின்றிச் செய்தால் உயிருக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பொருளைச் சந்தைக்கு அனுப்புபவர், அதைப் பயன்படுத்துவோர்க்கும் பொறுப்பாளியே என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ தீர்ப்பளித்தார். ஆயினும் அத்தீர்ப்பு காயமுற்றவருக்கே துணைநின்றது. எவரையும் காயப்படுத்தாமல், வாரந்தோறும் பணிமனை வாசலில் நிற்கும் வாகனத்தைப் பற்றி அது எதுவும் பேசவில்லை.

அடுத்த திருப்பம் 1960இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் 'ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ்' தீர்ப்பு. 1955 மே மாதம் வாங்கிய பிளிமத் வாகனத்தின் திசைமாற்றி, இரண்டு வாரத்துக்குள் செயலிழந்து வாகனம் சுவரில் மோதியது. விற்பனை ஆவணத்தின் சிறிய எழுத்துகளில் இருந்த உத்தரவாதம் 90 நாள் அல்லது 4,000 மைல் வரை குறைபாடுள்ள பாகத்தை மாற்றித்தருவதோடு நின்றது. வேறெந்தப் பொறுப்பையும் அது மறுத்தது. அமெரிக்க வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரும் இதே வாசகத்தைப் பயன்படுத்தியதால், வாங்குபவர் வேறு கடைக்குப் போனாலும் வேறு நிபந்தனை கிடைக்காது. பேரம் பேச இடமில்லாத இடத்தில் ஒப்பந்தச் சுதந்திரம் என்ற வாதம் பொருளற்றது என்ற நீதிமன்றம், விற்பனைக்கேற்ற தரம் என்னும் உட்கிடை உத்தரவாதத்தை அச்சடித்த வாசகத்தால் அழிக்க முடியாது என்று கூறியது.

இதே பத்தாண்டின் பிற்பகுதியில் இச்சிக்கலைப் பொருளியல் கோணத்தில் விளக்கியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். வாகனத்தின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வாகனங்களுக்கும் சராசரி விலையையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வாகனத்தை விற்க எவரும் விரும்பார். நல்லவை விலக, சந்தையில் கோளாறானவையே மிஞ்சும். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய இக்கட்டுரை 1970இல் வெளிவந்தது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கும் அதுவே அடிப்படை. கட்டுரை வெளியாகும் முன் 1967–68ஆம் கல்வியாண்டை அவர் தில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கழித்தார். பழைய கார்ச் சந்தையில் தொடங்கும் அக்கட்டுரை, இந்தியக் கடைத்தெரு அரிசியில் கலக்கப்படும் கற்களைப் பெண்கள் பொறுக்கி எடுப்பதையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அறிவுச் சமமின்மைக்கு மாற்றாக அவர் குறிப்பிட்ட ஏற்பாடுகளில் முதன்மையானது உத்தரவாதம். ஆனால் உத்தரவாதம் அளிப்பவர் அதை நிறைவேற்றாவிட்டால் என்ன செய்வது என்ற வினா சட்டத்துக்கு உரியதாயிற்று.

1975இல் அமெரிக்க ஒன்றிய அரசு இயற்றிய மக்னூசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் அதற்கு விடை தேடியது. 'முழு உத்தரவாதம்' அளிக்கும் உற்பத்தியாளர், நியாயமான எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குப் பின்னும் பழுதை நீக்க இயலாவிட்டால், பணத்தையோ மாற்றுப் பொருளையோ தரவேண்டும். இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, 'வரையறுக்கப்பட்ட உத்தரவாதம்' என்று பெயரிட்டுவிட்டால் இக்கடமை இல்லை. வாகன நிறுவனங்கள் பெரும்பாலும் அவ்வழியையே தேர்ந்தன. இரண்டாவது, 'நியாயமான எண்ணிக்கை' எது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் 'இன்னொரு தடவை பார்க்கிறோம்' என்ற பதிலே போதுமானதாக இருந்தது.

1982இல் கனெக்டிகட் மாநிலம் அவ்வெற்றிடத்தை எண்களால் நிரப்பியது. ஒரே குறைபாட்டுக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லையென்றாலோ, பழுதின் பொருட்டு மொத்தம் 30 நாள் வாகனம் பயன்பாட்டில் இல்லையென்றாலோ, நியாயமான முயற்சிகள் முடிந்துவிட்டன என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் தன் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய எண்களைச் சேர்த்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் லெமன் சட்டம் உண்டு. மரணமோ கடுங்காயமோ விளைவிக்கக்கூடிய குறைபாடென்றால் கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களில் இரண்டு முயற்சிகளே போதும்.

இவ்வெண்களின் முதன்மையான விளைவு மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியதே. கியர்ப்பெட்டிக்குள் என்ன கோளாறு என்பதை உரிமையாளர் விளக்க வேண்டியதில்லை. பணிமனைப் பதிவேட்டை நீட்டினால் போதும். அனுமானத்தை முறியடிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில் விழுந்தது. பொறியியல் வினா ஒன்று எண்ணிக்கை வினாவாக மாறியது. இச்சட்டங்கள் குறையற்றவை அல்ல. பல மாநிலங்களில் நிறுவனத்தின் சமரச ஏற்பாட்டை முதலில் அணுகவேண்டும். திருப்பித்தரும் தொகையில் ஓடிய தூரத்துக்கான கழிவும் உண்டு. எனினும் பொறுமைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. பிரிட்டனும் பின்னர் வேறொரு வழியில் இதே இடத்தை அடைந்தது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் நிராகரிக்கலாம். அதன்பின் ஒருமுறை பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால் இறுதியாக நிராகரிக்கலாம்.

இந்தியாவின் பாதை வேறு. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற விதியை ஏற்று, சில விலக்குகளை அளித்தது. உரிம ஆட்சிக் காலத்தில் அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு, கிடைத்த வாகனத்தை நிராகரிப்பது என்ற எண்ணமே எழ இடமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறைபாட்டை நீக்குதல், புதிய பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல் ஆகிய மூன்று தீர்வுகளையும் அச்சட்டம் அறிந்திருந்தது. அவற்றுள் எதை, எத்தனை முயற்சிகளுக்குப் பின் தரவேண்டும் என்பதை மட்டும் அது மன்றங்களின் விருப்புரிமைக்கு விட்டுவிட்டது. மேலும், உரிய சோதனையின்றி அறியமுடியாத குறைபாடென்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். கட்டணத்தை முறையிட்டவரே செலுத்த நேரும். ஆக, வினா மீண்டும் எண்ணிக்கையிலிருந்து பொறியியலுக்குத் திரும்பியது. 'உற்பத்திக் குறைபாடு' என்று நிபுணர் ஒருவர் சொல்லாதவரை, பத்து முறை பணிமனைக்குச் சென்றதும் வெறும் அலைச்சலே.

இவ்வணுகுமுறையின் எல்லையை 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. கிளட்ச் குறைபாடு தொடர்பான அவ்வழக்கில், புதிய வாகனம் தருமாறு கீழ் மன்றம் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உத்தரவாதம் பாகத்தைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ மட்டுமே கடமைப்படுத்துகிறது என்று கூறி, 50,000 ரூபாய் இழப்பீட்டோடு நிறுத்திக்கொண்டது. நியூஜெர்சி நீதிமன்றம் 1960இல் ஐயத்தோடு நோக்கிய அதே வகை வாசகம் இங்கே தீர்ப்பின் எல்லைக்கோடாக அமைந்தது.

மாற்றத்தின் அடையாளம் ஒரு சிறிய எஸ்.யூ.வி. வழக்கில் தெரிந்தது. 2015 ஆகஸ்டில் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா ஒன்று, 2017 நவம்பரில் தில்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. முன்புறக் காற்றுப்பைகள் விரியவில்லை. தில்லி மாநில ஆணையம் இழப்பீட்டோடு வாகனத்தையும் மாற்றித்தர ஆணையிட்டது. தேசிய ஆணையம் அதை உறுதிசெய்தது. மோதலின் விசை போதவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். விசையையும் வேகத்தையும் கணக்கிடும் இயற்பியல் அறிஞராக நுகர்வோர் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறி, மேல்முறையீட்டைத் தள்ளியது. மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறத் தொடங்கியதை இதில் காணலாம். ஆயினும் இதுவும் காயமுற்றவரின் வழக்கு. பியூக் சக்கரத்தைப் போலவே, விபத்து நிகழ்ந்த பின்னரே சட்டம் கூர்மை பெற்றது.

2019ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. பொருள்சார் பொறுப்பு என்ற தனி அத்தியாயம் அதில் உண்டு. ஆனால் 'தீங்கு' என்பதன் வரையறை, பொருளுக்கே நேர்ந்த கேட்டையும் உத்தரவாத மீறலால் வரும் இழப்பையும் வெளிப்படையாக விலக்குகிறது. எவரையும் காயப்படுத்தாத கோளாறு வாகனத்தின் உரிமையாளர், பழையபடி 'குறைபாடு' என்ற பிரிவின் கீழேயே செல்லவேண்டும். அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, வாகனங்களைத் திரும்பப்பெற ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது. அது பலருக்குப் பொதுவான, சுற்றுச்சூழலுக்கோ உயிருக்கோ கேடான குறைபாட்டுக்குரியது. தனியொருவரின் தீராத தொல்லைக்கு உரியதன்று.

இன்றைய சிறிய எஸ்.யூ.வி.களின் இயல்பு இவ்விடைவெளியை மேலும் அகலமாக்குகிறது. இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்ப்பெட்டி நெரிசலில் சூடேறித் திணறுவது, தொடுதிரை திடீரென இருள்வது, உணரிகள் காரணமின்றி எச்சரிப்பது, நிறுத்திவைத்த வாகனத்தின் மின்கலம் வற்றுவது எனப் புகார்கள் பலவும் மின்னணுவையும் மென்பொருளையும் சார்ந்தவை. இவை வந்துவந்து மறைபவை. நொறுங்கிய மரச்சக்கரத்தை நீதிமன்றத்தில் காட்டலாம். செவ்வாய்க்கிழமை மாலை தோன்றிப் புதன்கிழமை காலை மறைந்த எச்சரிக்கை விளக்கை எந்த ஆய்வகத்தில் காட்டுவது? 'சோதித்தோம், குறையேதும் இல்லை' என்ற ஒற்றை வரியோடு வாகனம் திரும்பிவிடுகிறது. அறிவுச் சமமின்மை அக்கர்லாஃப் எழுதிய நாளைவிட ஆழமாகியுள்ளது. வாகனத்தின் நினைவுப் பதிவுகளைப் படிக்கும் கருவியும் பெரும்பாலும் விற்றவரிடமே இருக்கிறது.

இந்நிலையில் இந்திய உரிமையாளரின் கையிலுள்ள வலுவான சான்று, ஒவ்வொரு வருகையின்போதும் எழுதப்படும் ஜாப் கார்டு. தேதி, ஓடிய கிலோமீட்டர், வாடிக்கையாளர் சொன்ன புகார், செய்த வேலை, வாகனம் திரும்பிய நாள் ஆகியவை அதில் சரியாகப் பதிவாகியிருந்தால், சட்டத்தில் இல்லாத எண்ணிக்கையை மன்றத்தின் முன் வைக்க முடியும். வசிக்கும் ஊரிலேயே முறையிடும் உரிமையைப் புதிய சட்டம் தந்திருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 'அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும்' என்று காத்திருப்பவர் இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளையே.

தனியொரு லெமன் சட்டம் இந்தியாவுக்குத் தேவையா என்ற விவாதம் இதனால் சற்றே தடம் மாறவேண்டும். தீர்வுகள் 1986 முதலே சட்டத்தில் உள்ளன. இல்லாதது அவற்றை எட்டும் படிக்கட்டு. நான்கு முறை, முப்பது நாள் போன்ற ஒரு வரியளவிலான அனுமானம் அதற்குப் போதும்; அதைச் சேர்க்கப் புதிய சட்டமும் வேண்டியதில்லை, இருப்பதற்கு ஒரு திருத்தமே போதுமானது. அவ்வரி இல்லாதவரை, எத்தனை முறை பழுதுபார்த்தால் போதும் என்ற கேள்விக்கு இந்தியாவில் விடை சொல்பவர் பணிமனை மேலாளரே.